கயல் அக்காவின் களி

"ஆன்ட்டி, உளுந்து இருக்கா?"

கயல் இப்படிக் கேட்டபோது நான் பெரிய சட்டியில் மக்கரோனி அவித்துக்கொண்டு நின்றேன். ஜன்னலுக்கு வெளியே காலையிலிருந்து மழை. வாசலில் கழற்றிப் போட்ட பிள்ளைகளின் ஈரச் சப்பாத்து மணமும், அடுப்பில் உருகுகிற சீஸின் மணமும் சேர்ந்து அந்த மலை வீடு முழுக்க அடித்தது.

"உழுந்தோ? இந்த மலையில உழுந்துக்கு என்ன வேலை பிள்ளை?"

"சும்மாதான் ஆன்ட்டி. மாவா இருந்தாக்கூடப் பரவால்ல." கொஞ்சம் தயங்கினாள். "நல்லெண்ணெய் இருக்குமா? அப்புறம் வெல்லமோ கருப்பட்டியோ, ஏதாவது."

அகப்பை என் கையிலேயே நின்றுவிட்டது.

உழுந்து, நல்லெண்ணெய், கருப்பட்டி. மூன்றையும் ஒரே மூச்சில் ஒருத்தி கேட்டால் எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் விளக்கம் தேவைப்படாது. வீட்டில் ஒரு பெண்பிள்ளை பெரியவளாகிவிட்டால் முதல் வேலை களி கிண்டிக் கொடுப்பதுதான். கோயம்புத்தூரிலும் அப்படித்தான், யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான்.

அந்த வீட்டில் இருந்த பிள்ளைகளில் தமிழ்ப் பெண்பிள்ளை ஒருத்திதான். அவள் என் மகள் ஆரணி.

என் மகள் பெரியவளாகியிருக்கிறாள். அது எனக்குத் தெரியாது, கயலுக்குத் தெரிந்திருக்கிறது. மக்கரோனித் தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இந்தத் தொடரில் இதுவரை என் கணவரின் குறட்டையைப் பற்றியும், மாடி வீட்டுக்காரியின் நாயைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். இந்தக் கிழமை என் பொறாமையைப் பற்றி எழுதுகிறேன். பொறாமை கூடாத குணம் என்று எனக்குக் கடிதம் போட நினைக்கிறவர்கள் இப்போதே தாளை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

மாடு தேடி வந்தவர்கள்

சில வருடங்களுக்கு முந்திய ஒரு கோடை. கோயம்புத்தூரில் சமூகப்பணி படிக்கிற இரண்டு மாணவிகள் சுவிசில், டீட்டிகோனில் எங்கள் வீட்டில் தங்க வந்தார்கள். கல்லூரி ஏற்பாடு. வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு சில கிழமைகள் இருக்க வேண்டும், அங்கே பிள்ளைகளுக்கு ஏதாவது தொண்டு செய்ய வேண்டும். வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது என்று என் கணவர் யாரிடமோ வாய்விட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

பாவம், அவர்கள் நினைத்து வந்தது வேறு. மர வீடு, ஜன்னலில் சிவப்புப் பூ, முற்றத்தில் மணி கட்டின மாடு. கதவைத் திறந்தது நான். பார்சல் பிரிக்கிற வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தேன், செம்மஞ்சள் நிற மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. எனக்குப் பின்னால் சுவரில் பிள்ளையார் படம். அடுப்பில் மீன் குழம்பு.

ஷாலினி என்கிற பிள்ளையின் முகம் சுருங்கிப்போனது. "இங்கயும் நம்மாளுங்களா" என்று வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது.

மற்றவள்தான் கயல். பையைக் கீழே வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "அப்பாடா, சோறு இருக்கு" என்றாள்.

எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். ஆரணி.

அந்தச் சிரிப்பை நான் குறித்துக்கொண்டேன். ஏனென்றால் ஆரணிக்கு அப்போது பன்னிரண்டு வயது, அந்த வயதில் அவள் எங்களைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். நான் எது செய்தாலும் ஒரே ஒரு சொல்தான் வரும். 'பைன்லிக்.' வெட்கக்கேடு என்று அர்த்தம். பஸ்சில் நான் தமிழில் கதைத்தால் பைன்லிக். வேலை உடுப்போடு நான் அவளுடைய பள்ளிக்கூட வாசலில் நின்றால் பெரிய பைன்லிக்.

கயல் வந்து அடுத்த நாளே பஸ்சில் ஏறி, கடைசி இருக்கையிலிருந்து முன் இருக்கைக்கு, "ஆரணி, நம்ம ஸ்டாப் வந்துருச்சா?" என்று கத்தினாள். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் மகள் சிரித்துக்கொண்டே "இன்னும் இல்ல அக்கா" என்று திருப்பிக் கத்தினாள். நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

தலைமுடி இன்னொரு கதை. நான் சீப்பை எடுத்தாலே "இழுக்கிறீங்கம்மா" என்று எழும்பி ஓடுவாள். கயல் அவளைத் தரையில் உட்கார வைத்து, முழங்காலுக்கு நடுவில் பிடித்து, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னினாள். நோவில் பிள்ளையின் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் கண்டேன். ஆனாலும் அவள் எழும்பவில்லை. பின்னி முடித்ததும் கண்ணாடியில் போய்ப் பார்த்துக்கொண்டாள்.

"நல்ல பிள்ளையப்பா, ஆரணி நாலு வார்த்தை தமிழ் கதைக்கிறாள்" என்று இவர் பூரித்துப்போனார். கதைத்தாள்தான். நான் பெற்று வளர்த்த பிள்ளை 'ஓம்' என்று சொல்லாமல் 'ஆமா' என்று சொன்னாள். இவருக்கு அது காதில் விழவில்லை, எனக்கு விழுந்தது. என் வயிறு எரிந்தது என்று எழுதுவதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

சமையலறைச் சட்டம்

கோடை விடுமுறையில் இங்கே பிள்ளைகளை ஒரு கிழமை மலைக்குக் கூட்டிப்போவார்கள். 'லாகர்' என்று பெயர். பெரிய மர வீடு ஒன்றில் பிள்ளைகளும் பொறுப்பாளர்களும் மட்டும். பெற்றோர் வரக் கூடாது, அடிக்கடி போன் எடுக்கவும் கூடாது. எங்கள் பக்கத்துப் பெற்றோர் சிலர் சேர்ந்து நடத்துகிற லாகர் டொக்கன்பூர்க் மலையில் இருந்தது. கயலும் ஷாலினியும் அங்கேதான் தொண்டு செய்வதாக ஏற்பாடு.

ஆரணியும் போகிறாள். அந்த வருடம் சமைக்க ஆள் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டதும் நான் கையை உயர்த்தினேன். என் வருடாந்த விடுமுறையை எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குக் காரணம் இருந்தது. காலை வேலை என்றால் அவள் எழும்ப முன் நான் போய்விடுவேன். பின்னேர வேலை என்றால் அவள் படுத்த பிறகு வருவேன். மேசையில் மூடி வைத்த சாப்பாட்டின் மூலமாகத்தான் நாங்கள் இருவரும் கதைத்துக்கொண்டோம். மகளோடு ஒரு கிழமை ஒரே கூரைக்குக் கீழே இருக்கலாம், பாத்திரம் கழுவக் கழுவ ஏதாவது கதைப்பாள், என்று நான் கனவு கண்டேன்.

லாகரின் தலைவி ரெகுலா முதல் நாளே என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மரியாதையாகச் சொன்னாள். "இங்கே நீ சமையல் பொறுப்பு. அம்மா இல்லை. ஆரணி ஏதாவது என்று உன்னிடம் வந்தால் அவளுடைய குழுப் பொறுப்பாளரிடம் அனுப்பிவிடு. அவளுக்கு மட்டும் அம்மா இருந்தால் மற்றப் பிள்ளைகள் ஏங்கிப்போவார்கள்."

நியாயமான பேச்சு. இங்கே எல்லா லாகரிலும் இதுதான் வழக்கம். நானும் தலையை ஆட்டிவிட்டு, "ஆரணியின் குழுவுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டேன்.

கயல்.

சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே ஒரு சின்னப் பலகைக் கதவு உண்டு. அதைத் தள்ளினால் தட்டுகளை நீட்டலாம். அந்தக் கிழமை நான் என் மகளைப் பார்த்தது அந்தச் சதுரத்துக்குள்ளால்தான்.

ஆற்றிலிருந்து பொறுக்கி வந்த கூழாங்கற்களை வைத்துக் கயல் கல்லாங்காய் ஆடுவாள். சுவிஸ் பிள்ளைகள் எல்லாம் வட்டமாகக் குந்தியிருந்து வாயைப் பிளப்பார்கள். அதை நாங்கள் கொக்கான் வெட்டுவது என்போம். கொக்கானில் என்னை அடிக்க எங்கள் ஒழுங்கையில் ஆள் இல்லை. ஒருமுறை ஆரணிக்குக் காட்டித்தர முயன்றபோது, "கல்லோ? ஊத்தையம்மா" என்று எழும்பிப் போனவள். இப்போது கயலுக்குப் பக்கத்தில் குந்தி, எறிந்த கல்லைப் புறங்கையில் ஏந்தினாள். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

கை அப்படியில்லை, இன்னும் தளர்வாய் வைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. பலகைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் பாத்திரம் கழுவினேன்.

உருளைக்கிழங்குக் கூட்டணி

ஷாலினியைப் பிள்ளைகளோடு விட்டுப் பார்த்தார்கள். அவளுக்குப் பிள்ளைகளின் சத்தம் ஒத்துவரவில்லை. எனக்கு உதவியாக அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேரும் நாள் முழுக்க உருளைக்கிழங்கு உரித்தோம்.

வெளியே கயலின் குழு பாட்டுப் பாடிக்கொண்டு போனது. ஷாலினி கத்தியை வைத்துவிட்டு வெளியே பார்த்தாள்.

"எங்க போனாலும் இப்படித்தான் ஆன்ட்டி" என்றாள்.

"என்னது?"

"அவளத்தான் எல்லாருக்கும் புடிக்கும். ஹாஸ்டல்ல வாட்ச்மேன் அண்ணன்கூட அவளுக்குத்தான் குட் மார்னிங் சொல்வாரு. நானும் அவளும் ஒண்ணாத்தான் நடந்து வருவோம். என்னப் பாக்கவே மாட்டாரு."

எனக்கு இவ்வளவு நேரமும் மூச்சுவிடாமல் இருந்தது போலவும், யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டது போலவும் இருந்தது.

"உமக்கு எரிச்சல் வாறேல்லையோ?" என்று கேட்டேன்.

"வராம? ஆனா அவகிட்டக் காட்ட முடியாது. அவ நல்லவ, அதான் பிரச்சன."

சத்தியமான வார்த்தை. கயல் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். என் கால் நோகிறதென்று கண்டதும் ஸ்டூலை இழுத்துப் போடுகிற பிள்ளை அவள். நானும் ஷாலினியும் அன்றிலிருந்து நல்ல கூட்டு. கயலுக்கு நடக்கும்போது தோள் ஒருபக்கம் சரிகிறது, பாட்டில் சுருதி சேரவில்லை, பல் வரிசை சரியில்லை என்று ஒவ்வொரு கிழங்கு உரிக்கும்போதும் ஒரு குறை கண்டுபிடித்தோம். அந்த லாகரில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் அதுதான்.

சேலை மறைப்பு

இந்த இடத்தில் நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் பெரியபிள்ளையானது வீட்டில் இல்லை. சண்டை நடந்த காலம். ஊரே இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். ஒரு வகுப்பறைக்குள் எங்களோடு இன்னும் பல குடும்பங்கள். பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்குகளை இழுத்து வைத்து எல்லை பிரித்திருந்தார்கள். கரும்பலகையில் யாரோ பாதியில் விட்டுப்போன கணக்கு அழியாமல் இருந்தது.

நான் அம்மாவிடம் போய்ச் சொல்லவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தாள், எழும்பினாள், தன்னுடைய மாற்றுச் சேலையை எடுத்து மூலையில் குறுக்கே பிடித்தாள். அந்தச் சேலைக்குப் பின்னால் என்னை நிறுத்தி, குடிக்க வைத்திருந்த தண்ணீரிலேயே எனக்கு வார்த்தாள். ஊதாச் சேலை. தண்ணீர் பட்டதும் அதன் சாயம் என் காலில் இறங்கியது.

என் அக்காவுக்கு ஊரில் பந்தல் போட்டு, ஆலாத்தி எடுத்து, பெரிதாகச் சாமத்தியச் சடங்கு செய்தார்கள். எனக்கு ஒன்றும் இல்லை. அதற்காக நான் அக்காமேல் பொறாமைப்பட்டது உண்மை. ஆனால் அந்த ஊதாச் சேலைக்குப் பின்னால் நானும் அம்மாவும் மட்டும் நின்ற நேரத்தை நான் எந்தப் பந்தலுக்கும் மாற்றிக் கொடுக்கமாட்டேன்.

இங்கே சுவிசில் இப்போது சடங்கு என்றால் பெரிய மண்டபம், மேடை, படம் பிடிக்கிறவர்கள் என்று போய்விட்டது. நான் மண்டபத்துக்கு ஆசைப்பட்டதில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. என் பிள்ளைக்கு அந்த நாள் வரும்போது முதலில் அறிகிறவள் நானாக இருக்க வேண்டும். அதற்காக நான் ஆயத்தமாகவே இருந்தேன். வறுத்து இடித்த உழுத்தம்மா எப்போதும் வீட்டில் இருக்கும், பழசானால் புதிதாய் இடிப்பேன். லாகருக்கு வரும்போதுகூட மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் அந்த மாவையும், ஒரு போத்தல் நல்லெண்ணெயையும், பனங்கட்டியையும் சுற்றி வைத்துக்கொண்டுதான் வந்தேன்.

இதையெல்லாம் எழுதவோ என்று மகளிடம் கேட்டேன். அவளுக்கு இப்போது பத்தொன்பது வயது, மருந்துக்கடையில் தொழில் பழகுகிறாள். "எழுதுங்கோ, அதில என்ன இருக்கு? கயல் அக்காவைப் பற்றி நல்லா எழுதுங்கோ, என்ன" என்றாள். நல்லாகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சூடாய் இருக்கும்போதே

மறுபடி சமையலறைக்கு வருகிறேன். மக்கரோனி வழிந்துகொண்டிருக்கிறது. கயல் நிற்கிறாள்.

"ஆருக்குக் களி?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான் ஆன்ட்டி. இடுப்பு வலி." என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். நல்ல பிள்ளைகளுக்குப் பொய் சொல்ல வராது.

"நீர் களி கிண்டியிருக்கிறீரோ?"

"எங்க வீட்ல பாத்திருக்கேன்."

"பார்த்தால் காணாது பிள்ளை. நான் செய்யிறன்."

பைக்குள்ளிருந்து மாவை எடுத்தேன். அவள் கண் விரிந்தது. மலை உச்சியில் உழுத்தம்மா வைத்திருக்கிற சமையல்காரியை அவள் எதிர்பார்க்கவில்லை. "எப்படி ஆன்ட்டி இத..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். நான் எதற்காகக் கொண்டுவந்தேன் என்று அந்த நொடியில் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தேங்காய்ப்பாலை ஊற்றி, மாவைத் தூவி, கட்டிபடாமல் கிண்டினேன். எவ்வளவு கேள்வி எனக்குள். எப்போது? காலையிலோ? பிள்ளை பயந்தாளோ? யார் துணி கொடுத்தது? யார் விளக்கம் சொன்னது? அழுதாளோ? அழுதபோது யார் பிடித்துக்கொண்டது? எல்லாவற்றுக்கும் ஒரே விடை எனக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றது. அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

களி திரண்டு சட்டியை விட்டது. நல்லெண்ணெய் விட்டு உருட்டி, கிண்ணத்தில் வைத்து, தட்டால் மூடிக் கொடுத்தேன்.

"சூடாய் இருக்கேக்கயே சாப்பிடச் சொல்லும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. கயல் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். அவள் கண் கலங்கியது. "சரிங்க ஆன்ட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

மேலே மரத்தளத்தில் அவள் நடக்கிற சத்தம் கேட்டது. கதவு மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் சிரிக்கிற சத்தம். கீழே நான் களிச் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

லோசானில் இருக்கிற என் அக்காவுக்கு எடுக்கலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஷாஃப்ஹவுசனில் இருக்கிற ஆரணியின் மாமிக்குப் போகும், அங்கிருந்து கனடாவுக்கும் ஊருக்கும் போகும், பின்னேரத்துக்குள் சொந்தம் முழுக்க எனக்கு வாழ்த்துச் சொல்லும். யாருக்கு முதலில் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஊர்க் கணக்கில் நான்தான் முதல்.

போனை மறுபடி மேசையில் வைத்தேன். பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். யாருக்கும் சொல்லாதே என்று என் பிள்ளை கெஞ்சியிருப்பாள், இருபது வயதுக்காரி அதைக் காப்பாற்றுகிறாள். அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும், பெற்றவளால் முடியாதோ? அந்த ஒரு விஷயத்திலாவது நான் கயலிடம் தோற்கக் கூடாது என்ற வீம்புதான் என் வாயைக் கட்டியது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் களி கிண்டினேன், பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் எடுத்து வைத்தேன். கயல் வந்து வாங்கிப் போவாள். அவளுக்கு இடுப்பு வலி என்று ஷாலினிகூட நம்பிவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் ஆரணி தட்டை நீட்டுவாள். நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். ஏதாவது சொல்லுவாளோ என்று.

"என்னம்மா பாக்கிறீங்க?"

"ஒண்டுமில்லை. இன்னும் கொஞ்சம் போடவோ?"

"காணும், போதும்."

ஒருநாள் மதியம் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் சட்டையின் கயிற்றைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "அம்மா" என்றாள். ரெகுலாவின் சட்டத்தின்படி நான் அவளைத் திருப்பி அனுப்ப வேண்டும். நான் கைகளைத் துடைத்துக்கொண்டு கிட்டப் போனேன். "சொல்லம்மா" என்றேன்.

வெளியிலிருந்து குரல் வந்தது. "ஆரணீ, எல்லாரும் வந்தாச்சு, நீ எங்க?"

ஓடிவிட்டாள். அன்று கயலுக்கென்று நான் போட்ட சூப்பில் உப்புக் கூடிப்போனது. தற்செயல் என்று சொல்லமாட்டேன்.

விமான நிலையம்

லாகர் முடிந்து, அவர்கள் ஊருக்குப் போகிற நாளும் வந்தது. நானும் ஆரணியும் வழியனுப்பப் போனோம். ஷாலினி என்னைக் கட்டிப்பிடித்து, "உங்களத்தான் ஆன்ட்டி ரொம்ப மிஸ் பண்ணுவேன்" என்றாள். உருளைக்கிழங்கு உரித்த சினேகிதம் அது, இன்றைக்கும் விடவில்லை.

ஆரணி கயலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். வருகிற போகிறவர்கள் பார்த்தார்கள். பைன்லிக் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நான் இரண்டு பெட்டிகளையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் முகம் கழுவப் போன இடைவெளியில் கயல் என் பக்கத்தில் வந்தாள்.

"ஆன்ட்டி, நான் சொல்லல" என்றாள் மெதுவாக.

"தெரியும் பிள்ளை."

"உங்ககிட்டச் சொல்லச் சொல்லி அவகிட்டத் தினமும் சொன்னேன். நீங்க உடனே ஹால் புக் பண்ணிடுவீங்களாம். மேடையில உக்கார வெச்சுடுவீங்களாம். பயப்படுறா."

அவள் சொன்னதில் தப்பில்லை. மண்டபத்தின் இருக்கைகளுக்கு என்ன நிறத்தில் துணி போடுவது என்றுகூட நான் யோசித்து வைத்திருந்தேன்.

திரும்பி வரும்போது ரயிலில் ஆரணி ஜன்னல் பக்கம் இருந்தாள். சுரங்கப்பாதைக்குள் போனபோது கண்ணாடியில் அவள் வீங்கின முகமும் என் முகமும் தெரிந்தன. ஷ்லீரன் நிலையம் தாண்டியிருக்கும். அடுத்தடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும்.

"அம்மா, உங்களுக்கு ஒண்டு சொல்லோணும். நீங்க ஹால் எடுக்கக் கூடாது."

"சரி."

"அழக் கூடாது. பெரியம்மாவுக்குப் போன் அடிக்கக் கூடாது."

"சரி."

சொன்னாள். பாதி சுவிஸ் ஜெர்மனில், பாதி தமிழில், என் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை, அவளும் இழுக்கவில்லை.

"முதலே சொல்லியிருப்பன். கயல் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அவ பாவம், காலமை காலமை எழும்பி எனக்குக் களி செய்து தந்தவ."

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"நீங்க முந்தி ஒருக்கா செய்தீங்களே, வாயில ஒட்டிச்சுது, நான் துப்பிப்போட்டன். இது அப்பிடி இல்லையம்மா. அவ்வளவு ருசி. உங்களுக்கு அப்பிடிச் செய்ய வராது."

என் வாய் திறந்தது. ஒரே ஒரு வசனம். அதைச் சொன்னால் நான் வென்றேன். சொன்னால், எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். கயல் மாவு கேட்டாள் என்று சொல்ல வேண்டி வரும். கயல் அக்காவும் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று என் பிள்ளை நினைப்பாள். இனி நெஞ்சில் ஏதாவது வந்தால் அவள் ஒருவரிடமும் போகமாட்டாள், என்னிடமும் வரமாட்டாள்.

"ஓமோம், சிலபேருக்குக் கைராசி" என்றேன்.

அந்த வசனத்தை விழுங்கினதுபோல வேறு எதையும் நான் என் வாழ்க்கையில் கஷ்டப்பட்டு விழுங்கினதில்லை.

மண்டபம் எடுக்கவில்லை. வீட்டிலேயே மாமியை மட்டும் கூப்பிட்டுத் தண்ணி வார்த்தோம். அக்கா இன்றைக்கும் அதற்காக என்னோடு கோபம்.

போன கிழமை

இத்தனை வருடமாக இதை நான் பொறுத்தேன். கயலும் ஆரணியும் இன்னும் போனில் மணிக்கணக்காகக் கதைக்கிறார்கள். கயலுக்குக் கல்யாணமாகி, பிள்ளையும் பிறந்துவிட்டது. எனக்கும் பண்டிகைக்குப் பண்டிகை ஒரு வாழ்த்து வரும்.

போன கிழமை பண்டிகை எதுவும் இல்லாத நாளில் கயலிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. பதறிக்கொண்டு பேசினாள்.

"ஆன்ட்டி, ஆரணி மருந்துக்கடையில நாள் பூரா நின்னு நின்னு இடுப்பு வலின்றா. லாகர்ல நான் செஞ்சு குடுத்த களிக்கு ரெசிபி கேக்குறா. எனக்கு இன்னைக்கு வரைக்கும் களி கிண்டத் தெரியாது ஆன்ட்டி. என்ன சொல்ல?"

நான் உட்கார்ந்து எழுதி அனுப்பினேன். மாவை எவ்வளவு வறுப்பது, பாலை எப்போது விடுவது, எண்ணெய் எந்தப் பதத்தில் சேர்ப்பது, எல்லாம். கயல் அதை அப்படியே ஆரணிக்கு அனுப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆரணி எங்கள் சமையலறைக்கு வந்தாள். போனைத் தேங்காய்ப்பால் டப்பாவில் சாய்த்து வைத்து, பார்த்துப் பார்த்துக் கிண்டினாள். நான் பக்கத்தில் நின்றேன். தூவுகிற கை என் கை போலவே இருந்தது.

ஒரு உருண்டையை ஊதி ஆற்றி என் வாயில் வைத்தாள்.

"பார்த்தீங்களோ? இப்பிடித்தானம்மா செய்யோணும். கவனிச்சுப் பாருங்கோ, நான் காட்டித்தாறன். இது கயல் அக்காவின்ர களி."

நான் மென்றேன். நன்றாகத்தான் இருந்தது.

கயலிடம் கேட்டுவிட்டேன். "சொல்லிடுங்க ஆன்ட்டி, இனிமே என்ன" என்று சிரித்தாள். நேரில் சொல்ல முயன்றேன், தேத்தண்ணி வேணுமோ என்றுதான் கேட்டேன். அதனால் இங்கே எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை, எழுத்துக் கூட்டி வாசிப்பாள். சின்னச் சொற்களாகவே எழுதுகிறேன்.

ஆரணி, அது என்ர களி.